பக்கத்து வீட்டுக்காரரின் பழைய மாடல் 10

டல்லாஸ் பக்கம் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். தன் பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ரிவால்வரை 400 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். நான்கு அங்குலக் குழல், .38 ஸ்பெஷல். எனக்குப் போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. இதுவரை துப்பாக்கி வைத்திருந்ததில்லை. 'தாத்தா காலத்துச் சாமான் எதற்கு, பேசாமல் ஒரு கிளாக் பிஸ்டல் வாங்கு' என்கிறார்கள் நண்பர்கள். ரேஞ்சில் சுட்டு ரசிக்க இது சரிப்படுமா? இடுப்பில் வைத்துக்கொள்ளவும் ஆகுமா?"

ரேஞ்சுக்கு என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். இடுப்புக்கு என்றால் துப்பாக்கியும் தேற வேண்டும், நீங்களும் தேற வேண்டும். துப்பாக்கி தேறுமா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். நீங்கள் தேற ஆறு மாதமாவது ஆகும். நண்பர்கள் சொல்வதும் தப்பில்லை. ஒரே ஒரு துப்பாக்கி, பயிற்சிக்கு நேரமில்லை, வீட்டுப் பாதுகாப்புக்கு மட்டும் என்றால் நானும் கிளாக்கைத்தான் காட்டுவேன். ஆனால் நீங்கள் 'ரசிக்க' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உங்கள் கைக்கு வரப்போவது என்ன என்று பார்ப்போம். ஸ்மித் அண்ட் வெஸன் இதை 1899இல் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. .38 ஸ்பெஷல் தோட்டாவும் அந்தத் துப்பாக்கியோடு பிறந்ததுதான். 1957இல் கம்பெனி தன் துப்பாக்கிகளுக்கெல்லாம் எண் கொடுத்தபோது இதற்கு 10 கிடைத்தது. இதுவரை 60 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். எண்பதுகள் வரை அமெரிக்காவில் எந்த ஊர் போலீஸ்காரர் இடுப்பைப் பார்த்தாலும் இதுவோ இதன் அண்ணன் தம்பியோதான் தொங்கும். இரண்டாம் உலகப்போரில் இதே துப்பாக்கி 'விக்டரி மாடல்' என்ற பெயரில், பளபளப்பில்லாத சாம்பல் பூச்சோடு, கைப்பிடியின் அடியில் ஒரு வளையத்தோடு போனது. நம்மூர் இன்ஸ்பெக்டர் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் கயிறு ஞாபகமிருக்கிறதா? அந்த மாதிரிக் கயிற்றை மாட்டத்தான் அந்த வளையம்.

பெரியவரிடம் போனதும், கையில் வாங்கிய நொடியில் தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையை, அதாவது சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அவர் "காலிதான்" என்று சொன்னாலும் பாருங்கள். அவர் போலீஸ்காரர், கோபித்துக்கொள்ள மாட்டார். பார்க்காவிட்டால்தான் மனதுக்குள் ஒரு மார்க் குறைத்துக்கொள்வார். சிலிண்டர் திறந்தபடி இருக்கும்போதே, அதைத் தாங்கும் கை வந்து மடங்கும் பள்ளத்தில், துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தின் (ஃப்ரேம்) மேல் ஓர் எண் குத்தியிருக்கும்: 10-5, 10-6 என்பது போல. அந்த எண் இருந்தால் அது 1957க்குப் பிறகு வந்தது. அழுத்தம் கூடிய 'ப்ளஸ் பி' தோட்டாவை அளவாகச் சுடலாமா என்ற கேள்விக்கு முதல் விடை அந்த எண்தான். எண் இல்லாத முந்தைய துப்பாக்கிகளில் நான் சாதாரணத் தோட்டாவைத் தாண்டுவதில்லை.

இனி பரிசோதனை. ஒரு சின்ன டார்ச்சும் ஒரு ஃபீலர் கேஜும் எடுத்துப் போங்கள். மோட்டார் சைக்கிளில் டாப்பெட் செட் பண்ண மெக்கானிக் விசிறி மாதிரி விரிப்பாரே, அதே தகடுகள்தான். சிலிண்டரை மூடி, அதன் முன்முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவே தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 வரை இடைவெளி இருந்தால் நிம்மதி. 10ஐத் தாண்டினால் நிறைய உழைத்த துப்பாக்கி, விலையைப் பேசலாம். அதே கையோடு சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று விளையாடினால் அது தேய்மானம்.

அடுத்தது டைமிங். என்னைக் கேட்டால் பழைய ரிவால்வரில் இதுதான் உயிர்நாடி. ட்ரிக்கரை இழுக்கும்போது உள்ளே ஒரு சிறு கை மேலெழுந்து சிலிண்டரை ஒரு அறை தள்ளுகிறது. கீழே இருந்து ஒரு பூட்டு எழும்பிச் சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து நிறுத்துகிறது. தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹேமர் முழுவதும் பின்னால் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பூட்டு விழுந்திருக்க வேண்டும். பார்ப்பது எப்படி? இடது கட்டைவிரலைச் சிலிண்டர் மேல் லேசாக, ஓடும் சைக்கிளுக்கு பிரேக் தொட்ட மாதிரி வைத்துக்கொண்டு, ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். 'க்ளிக்' என்று பூட்டு விழும் சத்தம் முதலில், ஹேமர் நிற்பது அப்புறம். இந்த வரிசை ஆறு அறைக்கும் மாறக் கூடாது. ஓர் அறையில் ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் நகர இடமிருக்கிறது என்றால், அந்த அறை குழலுக்கு நேராக வராமலே வெடிக்கும்.

நேராக வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டெக்சஸுக்கு வந்த புதிதில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில், நிக்கல் பூச்சு போட்ட ஒரு பழைய ரிவால்வரைப் பார்த்து மயங்கிவிட்டேன். பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்த மாதிரி மின்னியது. விற்றவர் பேசவிடாமல் பேசினார், நானும் ஃபீலர் கேஜைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ரேஞ்சில் இரண்டாவது ரவுண்டு சுடும்போது பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். விரலில் ஒரு துளி ரத்தம், நகக்கண் அளவு ஈயத் துணுக்கு. குண்டின் ஓரத்தைக் குழலின் வாய் சீவி, அந்தச் சீவல் பக்கவாட்டில் தெறித்திருக்கிறது. அவர் கண்ணாடி போட்டிருந்தார், நல்லவேளை. அந்தத் துப்பாக்கியைச் சரிசெய்ய ஆன செலவில் இன்னொன்று வாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து மினுமினுப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. நீலப்பூச்சு உறையில் உரசி வெளுத்து, கைப்பிடியின் மரம் அடிபட்டு, ஆனால் திருகுத் தலைகள் ஒன்றுகூடக் கிழியாமல் இருக்கிற துப்பாக்கியே நல்ல துப்பாக்கி. போலீஸ்காரர்கள் சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. திருகுத் தலை சிதைந்திருந்தால் யாரோ சமையலறை மேஜையில் உட்கார்ந்து திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு விஷயம் பார்த்துவிட்டால் போதும். ஹேமரைப் பின்னுக்கு நிறுத்திவிட்டு, ட்ரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரைப் பின்னாலிருந்து முன்னுக்கு அழுத்துங்கள். நழுவி விழுந்தால் வேண்டாம், அது ஆபத்து. அப்புறம், சிலிண்டரைத் திறந்து சுழற்றி, நடுவில் இருக்கும் வெளித்தள்ளும் கம்பியின் நுனியைப் பாருங்கள். ஆடாமல் சுழன்றால் நேராக இருக்கிறது. வட்டம் போட்டால் வளைந்திருக்கிறது. சினிமாவில் செய்வது மாதிரிச் சிலிண்டரை மணிக்கட்டை உதறி மூடுகிற பழக்கம் யாருக்காவது இருந்திருந்தால், சேதம் இங்கே தெரியும். உங்கள் கைக்கு வந்த பிறகும் அந்த வேலை வேண்டாம். சிலிண்டரைக் கையால் தள்ளித்தான் மூட வேண்டும்.

டார்ச்சைக் குழலின் பின்வாயில் அடித்து, கீழ்ப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். .38இல் இது அபூர்வம். இதே அளவுச் சட்டத்தில் 1955இல் வந்த .357 மேக்னம் துப்பாக்கியான மாடல் 19இல்தான் இந்தச் சிக்கல் அதிகம். இடம் போதாமல் அந்த இடத்தில் குழலைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு, இது சுமார் 8 கிராம்) எடையுள்ள சூடான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் சரியாக அங்கேதான் வெடிப்பு விடும். என்றாவது மாடல் 19 ஆசை வந்தால் இதை நினைவில் வையுங்கள். அதில் .38 தோட்டாவே சுடலாம், குண்டின் விட்டம் ஒன்றுதான். .357 மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூடு நீளம் அதிகம், .38 துப்பாக்கிக்குள் போகாமல் இருக்கத்தான் அப்படி வைத்தார்கள். போனாலும் போடக் கூடாது.

தோட்டா என்றதும் ஒரு எச்சரிக்கை. பழைய துப்பாக்கிகளில் '.38' என்று பார்த்தவுடன் எல்லாம் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். '.38 ஸ்பெஷல்' வேறு, வெறும் '.38 எஸ் அண்ட் டபிள்யூ' வேறு. பின்னது குட்டை, கொஞ்சம் தடிமன். பிரிட்டனுக்குப் போன விக்டரி மாடல்கள் அந்தக் குட்டைத் தோட்டாவுக்குச் செய்தவை. போருக்குப் பின் அவை அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தபோது பலவற்றின் அறைகளை நீளமாகக் குடைந்து ஸ்பெஷலுக்கு மாற்றி விற்றார்கள். அவற்றில் ஸ்பெஷலைச் சுட்ட பிறகு கூடு கர்ப்பிணி மாதிரி உப்பியோ பிளந்தோ வெளியே வரும். அதோடு, போர்க்காலத்துத் துப்பாக்கியில் ஹேமருக்கு நேரே வரும் ஆறாவது அறையை நிரப்பும் முன் யோசிக்க வேண்டும். 1944 இறுதியில் கப்பல் தளத்தில் கீழே விழுந்த ஒரு விக்டரி மாடல் வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் ஹேமருக்கும் தோட்டாவுக்கும் நடுவே உறுதியான தடைத்தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையதில் அது இருக்கும்.

ரேஞ்சுக்கு 148 கிரெயின் வாட்கட்டர் வாங்குங்கள். குண்டின் முகம் தட்டையாக, கூட்டின் விளிம்போடு சமமாக இருக்கும். பார்த்தால் காலிக்கூடு என்றே தோன்றும். காகிதத்தில் பஞ்ச் அடித்த மாதிரி வட்டமான ஓட்டை விழும். உதை மிக மென்மை. .38 ஸ்பெஷல் எப்போதும் 9 மி.மீ.யை விட விலை கூடத்தான், அதை மறைக்க முடியாது. ஆனால் ரிவால்வர் கூடுகளை எங்கேயும் வீசி எறிவதில்லை. ஆறும் உங்கள் உள்ளங்கையில் விழும். சேர்த்துவைத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். நான் வாரக்கடைசியில் கராஜில் உட்கார்ந்து நிரப்புகிறேன். வீட்டில் அதற்கு 'அப்பாவின் அப்பளக்கடை' என்று பெயர்.

பெரியவரின் துப்பாக்கியில் குறி பார்க்கும் பின் சைட் திருகி மாற்றும் வகை இல்லை, சட்டத்தின் மேல் வெட்டிய ஒரு காடிதான். பொதுவாக 158 கிரெயின் குண்டுக்கு ஏற்ற மாதிரி அமைத்திருப்பார்கள். லேசான, வேகமான குண்டு இலக்கில் கீழே விழும். புதிதாக வருகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். குண்டு குழலுக்குள் ஓடும்போதே துப்பாக்கியின் மூக்கு மேலே எழத் தொடங்கிவிடுகிறது; வேகமான குண்டு மூக்கு அதிகம் எழுவதற்குள் வெளியே போய்விடுகிறது, அதனால்தான்.

இப்போது முக்கியமான இடம். ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னிழுத்து நிறுத்திவிட்டு ட்ரிக்கரைத் தொட்டாலே வெடிக்கிற விதம் ஒன்று. அதற்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தம் போதும். ட்ரிக்கர் ஒன்றையே நீளமாக இழுத்து, சிலிண்டரைச் சுழற்றி, ஹேமரை எழுப்பி, விழவிட்டுச் சுடுவது இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஆகும். புதிதாக வருகிற எல்லாரும் முதல் விதத்தில் சுட்டு, இலக்கின் நடுவே ஓட்டை விழுந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஹேமரில் கட்டைவிரல் வைக்கவே கூடாது என்று முதல் நாளே ஒரு சத்தியம் பண்ணிக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் நடுங்கும் கையில் நிறுத்திவைத்த ஹேமர் வேண்டாத வெடிப்புக்கு வழி. நியூயார்க் நகரப் போலீஸ் எண்பதுகளில் தன் ரிவால்வர்களில் ஹேமரை நிறுத்திச் சுடும் வசதியையே எடுத்துவிட்டது.

நீண்ட இழுவை என்றால் குறி தவறும் என்பது சுடத் தெரியாதவர் சொல்வது. எட் மெக்கிவர்ன் என்ற மொன்டானாக்காரர் 1932இல் ஒரு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரில், 15 அடி தூரத்தில், ஐந்து குண்டுகளை 0.45 விநாடியில் சுட்டு, அவ்வளவையும் ஒரு உள்ளங்கைக்குள் மறைத்துவிடக் கூடிய இடத்தில் போட்டார். எல்லாம் அந்த நீண்ட இழுவைதான். அவர் அளவுக்கு நமக்கு வேண்டாம். ஏழு கெஜத்தில் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்குள் ஆறையும் போட்டால் போதும்.

இழுப்பது எப்படி என்று கேட்டால், கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால் தண்ணீர் சிந்தும். ஒரே சீராக இழுக்க வேண்டும். 'கடைசியில் கொஞ்சம்' என்று காத்திருந்து பறிக்கிறவர்களின் குண்டு எல்லாம் கீழே இடதுபக்கம் போய் விழும். விரல் நுனியை விட முதல் கணுவுக்குப் பக்கமாக ட்ரிக்கர் உட்காரட்டும். பிடி எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. இடது கட்டைவிரல் வலது கட்டைவிரலின் மேல் படிய வேண்டும். பிஸ்டல் பிடிக்கிற மாதிரி முன்னே நீட்டிவிடாதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தோமே, அந்த இடைவெளியில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கொதிக்கும் வாயு கத்தி மாதிரிப் பீறிடும். விரல் அங்கே இருந்தால் சதை கிழியும். கிளாக்கில் பழகி வந்தவர்கள் மறக்கிற இடம் இதுதான்.

வீட்டில் பயிற்சி: நிஜத் தோட்டா எதுவும் வைக்காத ஒரு வீட்டறையில், துப்பாக்கியில் போலித் தோட்டா போட்டு, முன் சைட்டின் மேல் ஒரு காலிக்கூட்டைப் படுக்கவைத்து, அது விழாமல் ட்ரிக்கரை இழுத்து முடிக்க வேண்டும். தினம் பத்து நிமிடம். சுவரைப் பார்த்துச் சுட வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து அல்ல. .22 ரிவால்வரில் மட்டும் போலித் தோட்டா இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, அறையின் விளிம்பு அடிபடும்.

ரேஞ்சில் செய்யும் இன்னொரு பயிற்சி எனக்குப் பாடம் கற்பித்தது. ஆறு அறையில் மூன்றில் நிஜத் தோட்டா, மூன்றில் போலி. கண்ணை மூடிச் சிலிண்டரைச் சுழற்றி மூடு. அடுத்தது எது என்று தெரியாது. பல வருடம் சுட்டவன் நான் என்ற நினைப்பில் ஒரு நண்பருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக இதைச் செய்து காட்டினேன். ட்ரிக்கரை இழுத்தேன், 'டிக்' என்று போலி. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் மூக்கு, வெடிக்கப்போகிறது என்று பயந்து, கும்பிடு போட்டுக் கீழே இறங்கியது. நண்பர் பார்த்தார், நானும் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு மாதம் வாட்கட்டரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பிஸ்டலிலும் இந்தப் பயிற்சி செய்யலாம், ஆனால் அதில் போலி வந்ததும் கையால் ஸ்லைடை இழுத்து நீக்க வேண்டும். ரிவால்வரில் ட்ரிக்கரை மறுபடி இழுத்தால் போதும். அதனால்தான் சுடக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை என்கிறேன்.

காலிக்கூடுகளைத் தள்ளும்போது துப்பாக்கியின் மூக்கு வானத்தைப் பார்த்திருக்கட்டும். கீழே பார்த்துத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள் சிலிண்டரின் நட்சத்திரத் தகடுக்கு அடியில் போய் உட்காரும். பிறகு சிலிண்டர் மூடாது, மூடினால் சுற்றாது. பழைய டூத்பிரஷ் ஒன்று ரேஞ்ச் பையில் எப்போதும் இருக்க வேண்டும். 'ரிவால்வர் ஜாம் ஆகாது' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஜாம் ஆவது குறைவு, ஆனால் ஆகிவிட்டால் ஸ்க்ரூடிரைவர் வரை போகும். பிஸ்டலில் வருவது இரண்டு விநாடியில் சரியாகிற ஜாம்.

சரி, இடுப்புக்கு வருவோம். நான்கு அங்குல மாடல் 10 ஏறக்குறைய ஒரு கிலோ. நல்ல தடித்த தோல் பெல்ட், வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் உட்காரும் உறை, மேலே இன் பண்ணாத சட்டை. இப்படி இருந்தால் மாலை வரை சுமக்கலாம். அலுவலகத்துக்கு வாங்கின மெல்லிய பெல்ட்டில் மாட்டினால் பேன்ட் இறங்கும், நீங்கள் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் இழுத்துவிடுவீர்கள், பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். டெக்சஸ் வெயிலில் வியர்வை இரும்பைத் தின்னும். இரவு கழற்றும்போது எண்ணெய்த் துணியால் ஒரு தரம் துடையுங்கள். தோல் உறைக்குள் வைத்தே மாதக்கணக்கில் பூட்டிவைக்காதீர்கள், தோலின் ஈரம் பூச்சைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

ஆறு குண்டு போதுமா என்பதற்கு ரிவால்வர்காரர்கள் வீராப்பாகப் பதில் சொல்வார்கள். எனக்கு அந்த வீராப்பு இல்லை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் நடந்த சண்டையில் இரண்டு எஃப்பிஐ ஆட்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எஃப்பிஐ ரிவால்வரை விட்டு வேகமாக நகர்ந்தது. ஒரு கை சிதைந்த நிலையில் அந்தச் சண்டையை முடித்துவைத்த எட்முண்டோ மிரேலஸ் கையில் இருந்ததும் ரிவால்வர்தான், அதில் இருந்ததும் .38 ப்ளஸ் பி தோட்டாதான். இரண்டும் உண்மை. ஆறு முடிந்ததும் திரும்ப நிரப்புவது மெதுவான வேலை. ஆறு தோட்டாவையும் ஒரே தள்ளலில் நிரப்பும் ஸ்பீட்லோடர் வைத்துப் பழகினால் கொஞ்சம் குறையும். அதைச் சட்டைக்குள் ஒளிப்பது கஷ்டம் என்பதால் நான் ஆறு தோட்டா வரிசையாகச் செருகிய ரப்பர் பட்டையை முன்பாக்கெட்டில் வைக்கிறேன். அதில் இரண்டிரண்டாகத்தான் நிரப்ப முடியும்.

சுமக்கும் தோட்டாவுக்கு நான் போடுவது 158 கிரெயின், ஈயத்தாலான, முகத்தில் குழி விட்ட ப்ளஸ் பி. எஃப்பிஐ ரிவால்வர் காலத்தில் பயன்படுத்தியதால் 'எஃப்பிஐ லோடு' என்றே இதற்குப் பெயர். துப்பாக்கியின் சைட்டும் அந்த எடைக்கே பொருந்தும். வாட்கட்டரையே சுமக்கிறவர்களும் இருக்கிறார்கள், குட்டைக் குழலில் அது முட்டாள்தனமில்லை.

குட்டைக் குழல் என்றதும் ஸ்மித் அண்ட் வெஸனின் சின்னச் சட்டத்து ஐந்து குண்டு ரிவால்வரான ஜே-ஃப்ரேம் நினைவுக்கு வரும். 1950இல் வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல்தான் அதன் தொடக்கம். கால்சட்டைப் பைக்குள் அடங்கும், சுமக்க அதைப் போல சுகமில்லை. சுடத்தான் சுகமில்லை. அலுமினியச் சட்டத்தில் வந்தவை 420 கிராம் அளவுதான். கடுமையான தோட்டா போட்டால் உதையில் மற்ற அறைகளில் இருக்கும் குண்டுகளே கூட்டிலிருந்து முன்னுக்கு நழுவி, சிலிண்டரை மாட்டவைக்கும். முதல் துப்பாக்கியாக அதை வாங்கி, ஒரு பெட்டி தோட்டாவோடு கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். பெரிய மாடல் 10இல் கற்றுக்கொண்டு அதற்கு இறங்கலாம். கோல்ட் கம்பெனியின் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927இலிருந்தே அதே அளவுக்குப் பக்கத்தில் ஆறு குண்டு தந்தது, அழகி. ஆனால் பழைய கோல்ட்டின் உள்வேலை தெரிந்த கைகள் அருகிக்கொண்டே வருகின்றன. பழைய பிஸ்டல்கள், அதாவது கோல்ட் 1911, பிரவுனிங் ஹை பவர், வால்த்தர் பிபிகே எல்லாம் ரேஞ்சுக்கு இனிமை. ஸ்பிரிங் மாற்றி, குழி விட்ட குண்டு தடைபடாமல் ஏறுகிறதா என்று சோதிக்காமல் இடுப்புக்கு வேண்டாம்.

சட்டம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, சட்டத் தடை இல்லாத ஒருவர் கைத்துப்பாக்கி சுமக்க லைசென்ஸ் கட்டாயமில்லை. நான் எடுத்துத்தான் வைத்திருக்கிறேன், நீங்களும் எடுங்கள்: வகுப்பில் சட்டம் படிக்கலாம், வேறு மாநிலங்களிலும் பயன்படும். உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது, சரி. இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்களுக்குச் சொல்கிறேன்: குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்குகள் உண்டு, ஆனால் அதை வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 'நண்பனின் துப்பாக்கி, ரேஞ்சில் ஒரு ரவுண்டு' என்பதும் விளையாட்டில்லை. பெரியவரும் நீங்களும் ஒரே மாநிலத்தவர் என்பதால் நேரடியாகவே வாங்கலாம். ஆனாலும் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், சிறு கட்டணம் கட்டி, பின்னணிச் சோதனைப் படிவம் நிரப்பி வாங்குங்கள். உங்களுக்கு ஒரு தாள் கையில் இருக்கும், அவருக்கும் நிம்மதி.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் போஸ்ட் ஆபீசுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. கோயிலுக்கு வேட்டி கட்டிப் போகிற நாளில் என் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில்தான் தூங்கும். பெட்டகம் கட்டாயம். பிள்ளைகள் கைக்குக் கிடைக்கும்படி வைப்பது டெக்சஸில் குற்றம். ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும், ஈயத்தூள் லேசுப்பட்டதில்லை. அப்புறம், ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ஊருக்குப் போகும்போது தொடவே தொடாதீர்கள். ஓர் ஓரப் பாக்கெட்டில் மறந்த ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் கேஸ். விடுமுறை முழுக்க வக்கீல் வீட்டில் கழியும்.

பெரியவர் துப்பாக்கியோடு பழைய தோட்டாக்களும் தருவார், பார்த்துக்கொள்ளுங்கள். தோல் பெல்ட்டின் வளையங்களில் வருடக்கணக்கில் செருகியிருந்தால் பித்தளை பச்சை பிடித்து அறைக்குள் ஒட்டிக்கொள்ளும். நன்றி சொல்லி வாங்கி, ரேஞ்சில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லிவிடுங்கள். அவர் கைக்கு ரப்பர் பிடி மாட்டியிருந்தால், கழற்றிய பழைய மரப்பிடிகள் எங்கே என்று கேளுங்கள். மேஜை இழுப்பறையில் ஏதோ ஒரு காலுறைக்குள் சுற்றிக் கிடக்கும்.